ரேடியேட்டரில் ரசம் வைத்தவர்

ரேடியேட்டருக்குள் ரசம் வைக்கத் தெரிந்தவர் இந்தப் பூலோகத்திலேயே ஒருவர்தான். ஒரகடம் கூட்ரோட்டில் ஷெட் போட்டிருந்த அவரை எல்லோரும் ரசம் மெக்கானிக் என்போம். சொந்தப் பெயர் அவருக்கே ஞாபகம் இருந்ததா, சந்தேகம்.

தொண்ணூற்றொன்றில் என்னிடம் ஒரு கிழட்டு வேன் இருந்தது. மறைமலை நகருக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றிப் போவேன். கொஞ்ச தூரம் ஓடினாலே பொங்கும். வடக்குப்பட்டில் என் மனைவிக்கு நிறைமாதம். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போக அதை விட்டால் வேறு வண்டியில்லை.

வேனை ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். ரசம் மெக்கானிக் ரேடியேட்டர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

"இன்னா வாத்யாரே, போர் தண்ணியா ஊத்திக்கினு இருந்தியா? உள்ள பூரா உப்பு. வயிறு சுத்தமா இல்லன்னா மனுசனே நடக்க மாட்டான், வண்டி எப்டி ஓடும்?"

ஒரு சட்டிப் புளியைக் கரைத்து ஊற்றி இன்ஜினை ஓடவிட்டார். கூட்ரோடே மணத்தது. டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "அப்பளம் பொரிக்கட்டுமா?" என்றார்.

ரேடியேட்டரின் அடிக்குழாயைத் திறந்துவிட்டதும் உப்பு கட்டிகட்டியாகக் கொட்டியது. கூடவே மஞ்சளும் வந்தது. முன்பிருந்த டிரைவர் ஒழுகலை அடைக்க மஞ்சள்தூள் போட்டிருக்கிறார். புளி உப்பையும் விடவில்லை, அந்த அடைப்பையும் விடவில்லை. ரேடியேட்டர் சல்லடையாகி நின்றது.

அந்த நேரம் பார்த்து மச்சான் சைக்கிளில் வந்து குதித்தான். "மாமா, அக்காவுக்கு வலி வந்துடுச்சி!"

ரசம் ஈயம் வைத்து ஓட்டைகளைப் பற்றவைத்தார். அவர் வாய் பேசாமல் செய்த வேலை அது ஒன்றுதான். குடிக்க வைத்திருந்த நல்ல தண்ணீரை ஊற்றிவிட்டு அவரும் வேனில் ஏறிக்கொண்டார். வீட்டுக்குப் போய் மனைவியை ஏற்றிக்கொண்டு பறந்தோம்.

சிங்கப்பெருமாள் கோயில் ரயில்வே கேட் மூடியிருந்தது. இன்ஜினை ஆஃப் செய்தால் தள்ளாமல் கிளம்பாது. ஓடவிட்டால் பொங்கும். சூடு காட்டும் மீட்டர் முள் ஏறிக்கொண்டே போனது. நான் ஆஃப் செய்யச் சாவியில் கை வைத்தேன்.

"தொடாத! முள்ளு புளுகும்." ரசம் சீட்டுகளுக்கு நடுவிலிருந்த இன்ஜின் மூடியைத் தூக்கி, தண்ணீர்க் குழாயை உள்ளங்கையால் பிடித்துக்கொண்டார். "சூடு அளவாத்தான் கீது."

பின்னாலிருந்து மனைவி கத்தினாள். "அண்ணே, எனக்கு உசுரு போவுது!"

"நீயும் வண்டியும் கொஞ்சம் பொறுத்துக்கங்கம்மா!"

ரயில் போனது. வேன் பொங்கவில்லை. பெண் பிறந்தாள்.

மறுநாள் ரசம் எங்களைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தார். புறங்கையைக் குழந்தையின் நெற்றியில் வைத்து, "சூடு கரெக்டா கீது" என்றார். ஏன் புறங்கை என்று கையைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

முள் புளுகவில்லை. இவர்தான் புளுகியிருக்கிறார். அந்தப் புளுகுக்கு நான் இன்னும் நன்றி சொல்லித் தீரவில்லை.