கடவுளுக்கு வேலை போட்டுக் கொடுத்த கமிட்டி

எங்கள் காஞ்சிபுரத்தில் கடவுளைப் பார்த்ததாகச் சொன்னவர்கள் ஏராளம். பாதி ஊருக்கு ஒருமுறையாவது அம்மன் கனவில் வந்திருக்கிறாள். ஆனால் கடவுளுக்கு வேலை போட்டுக் கொடுத்தது யார், எந்த ஊரில் உட்கார்ந்து போட்டுக் கொடுத்தார்கள் என்பதைக் கண்டுபிடித்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருந்தார்.

அவருக்கும் பெற்றவர்கள் ஏதாவது பெயர் வைத்திருப்பார்கள். ரேஷன் கார்டில்கூட இருந்திருக்கும். எங்களுக்கு அவர் அட்டைக்காரர். பட்டுத் தறிக்கு மேலே ஜக்கார்டு என்று ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கும். அதில் மாட்டுகிற அட்டைகளில் எங்கெங்கே ஓட்டை இருக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் புடவையில் மயிலோ மாங்காயோ விழும். அந்த ஓட்டைகளைப் போடுவது அவர் தொழில். காலை ஆறு மணிக்குச் சுத்தியலும் உளியுமாக டொக் டொக் என்று ஆரம்பித்துவிடுவார். அறுபதுகளின் கடைசியில் எங்கள் தெருவில் ஒருவரும் அலாரம் கடிகாரம் வாங்காததற்கு அவர்தான் காரணம்.

மனிதரைக் கெடுத்ததும் அந்தத் தொழில்தான் என்பது என் கட்சி. ஒருநாள் என்னைப் பிடித்து உட்காரவைத்து ஓர் அட்டையை நீட்டினார்.

“இதுல மயில் தெரியுதா?”

“இல்ல மாமா. ஓட்டைதான் தெரியுது.”

“புடவையில?”

“அதுல மயிலு தெரியும்.”

“பாத்தியா! கட்டிக்கினு போறவளுக்கு அட்டையைத் தெரியாது. எவனோ ஒருத்தன் ரூம்ல உக்காந்துக்கினு போட்ட ஓட்டைதான் அங்க மயிலா ஆடுது. உலகமும் அப்டித்தாம்பா. நீங்கல்லாம் மயிலைப் பாத்துக்கினு இருக்கறீங்க. நான் அட்டையைத் தேடிக்கினு இருக்கறேன்.”

தேடிக் கண்டுபிடித்தும் விட்டார். அதன் சுருக்கம் இதுதான். ஆதிகாலத்தில் காஞ்சிபுரத்தில் ஒன்பது துணி வியாபாரிகள் இருந்தார்கள். ஆதிகாலம் என்றால் எப்போது என்று கேட்டால் “அப்போ” என்பார். சரக்கு தேங்கிப்போய்விட்டது. மனிதன் தனக்கென்று கட்டினால் வருஷத்துக்கு இரண்டு துணியோடு நிறுத்திக்கொள்கிறான். என்ன செய்யலாம் என்று ஒன்பது பேரும் ரகசியமாகக் கமிட்டி கூடினார்கள். மதம் என்று ஒன்றைக் கொண்டுவந்தால் சாமிக்குத் துணி, சாமியாருக்குத் துணி, திருவிழாவுக்குத் துணி, பிறந்தால் துணி, தாலி கட்டினால் துணி, செத்தால் துணி. உடனே திசைக்கு ஓர் ஆளை மூட்டையோடு அனுப்பிவிட்டார்கள். போன இடத்துத் தட்பவெப்பத்துக்கு ஏற்ப ஆளுக்கொரு மதம் ஆரம்பித்தார்கள்.

“நம்ம ஊர்லேர்ந்து சீனாவுக்கு ஒரு சாமியாரு போனாருன்னு சொல்றாங்களே, அவரு தியானம் பண்ணவாபா போனாரு? பட்டு நூல் கொள்முதலுக்குப் போனாரு! கொள்முதல் சீட்டு கெடைக்கறவரைக்கும் செவுத்தைப் பாத்து உக்காந்துக்கினு இருந்தாரு. அதைப் போயி தியானம்னுட்டாங்க.”

கமிட்டியின் மினிட்ஸ் நோட்டு எங்கே என்று கேட்டால் ஒரு வாரம் கோயில் குளத்துக்கு அடியில் இருக்கும், அடுத்த வாரம் லண்டனில் இருக்கும்.

ஆராய்ச்சிக்கு அவர் எந்த மதத்தையும் விட்டுவைக்கவில்லை. தங்கை கல்யாணத்துக்குச் சேலை வாங்க வந்த பாதிரியாரை வழிமறித்து அங்கி எத்தனை கெஜம் என்று இன்ச் டேப்போடு நின்றார். அத்தர் கடை பாயிடம் போய் தர்காவுக்கு வாரத்துக்கு எத்தனை சாதர் போர்வை வருகிறது என்று கேட்டார். பாய் பொறுமையாக விரல்விட்டு எண்ணி, “பதினஞ்சு வரும் அட்டைக்கார். உங்களுக்குக் குளுருதா, ஒண்ணு வேணுமா?” என்றார். கோயில் குருக்களிடம் மூலவருக்கு வருஷத்துக்கு எத்தனை வேஷ்டி என்று கேட்க, குருக்கள் கையெடுத்துக் கும்பிட்டு, “ஓய், உமக்குப் பதில் சொல்லிண்டிருந்தா சாயரட்சை பூஜை நின்னுபோயிடும்” என்று ஓடினார். எல்லா மதத்தையும் ஒரே தராசில் போட்டதால் ஒருவருக்கும் அவர்மேல் கோபம் வரவில்லை. அதைவிட வேடிக்கை, அவர் ஒருநாள் தவறாமல் கோயிலுக்குப் போய் நெற்றி நிறைய விபூதியோடு வருவார். கேட்டால், “கம்பெனி யாருதா இருந்தா இன்னாபா? சரக்கு நல்ல சரக்கு” என்பார்.

இதெல்லாம் தெருவோடு இருந்தவரை எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. எனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தபோதுதான் அது என் தலையில் விடிந்தது.

எனக்கு இருபத்தேழு வயது, நெசவாளர் சங்கத்தில் குமாஸ்தா வேலை. அப்பா இல்லை. “ஆம்பளைத் துணை இல்லாம சம்பந்தம் பேசப் போனா நல்லாவா இருக்கும்?” என்று அம்மா அட்டைக்காரரைத்தான் பெரியவராக அழைத்துப்போனாள். முதல் இடம் ஒரு தலைமையாசிரியர் வீடு. எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று மனிதர் பூஜையறையிலிருந்து வெளியே வந்து, “சார், உங்க வூட்டு சாமிப் படங்க மட்டும் சேந்து நூத்தி இருவது கெஜம் கட்டிக்கினு இருக்குதுங்க” என்றார். ஜாதகம் பொருந்தவில்லை என்று மறுநாளே சொல்லியனுப்பிவிட்டார்கள்.

இரண்டாவது இடம் நூல் வியாபாரிகள். பரம்பரை பரம்பரையாகக் கடை. வியாபாரிகளைப் பார்த்ததும் அட்டைக்காரருக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. பெண்ணின் அப்பாவுடைய காதருகே குனிந்து, “நீங்க பரம்பரையா இன்னா பண்ணிக்கினு வர்றீங்கன்னு எனக்கு முழுசா தெரியும். ஆதாரம் இருக்குது. வெளியில சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க” என்றார். அவர்கள் இவரை வருமான வரிக்காரர் என்று நினைத்துவிட்டார்கள். நாலு நாள் கடையையே திறக்கவில்லை.

மூன்றாவது இடம் முசரவாக்கம். எங்கள் சங்கத்துக்குப் பக்கத்தில் வேர்க்கடலை மண்டிக்கு வந்துபோகிற நயினார் ஒருவர் இருந்தார். சமணர், அந்த ஊரில் நிலபுலம் உள்ளவர். அவர் வீட்டுக்கு எதிர்வீட்டில் ஒரு தறிக்காரரின் பெண் வசந்தா. நயினாரே முன்நின்று பேசினார். கிளம்புவதற்கு முன் நான் அட்டைக்காரரின் உளியை எடுத்து அவர் கையில் கொடுத்து, “வாயைத் திறக்க மாட்டேன்னு இதுமேல சத்தியம் பண்ணுங்க மாமா” என்றேன். பண்ணினார். பஸ்ஸில் டிக்கெட் கேட்கக்கூட வாயைத் திறக்காமல் விரலைத்தான் காட்டினார்.

சொன்ன சொல் காப்பாற்றினார். பஜ்ஜி வந்தது, காப்பி வந்தது, மனிதர் மூச்சு விடவில்லை. கெடுத்தது வசந்தா. தட்டை நீட்டியவள், “மாமா, நீங்கதானே அட்டைக்காரரு? உங்க கமிட்டி கதை இந்த ஊர்வரைக்கும் வந்திருக்குது. முழுசா சொல்லுங்க மாமா, கேக்கலாம்” என்றாள்.

அட்டைக்காரர் என்னைப் பார்த்தார். “கேக்கறாங்களேபா” என்றார். அந்த முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல யாராலும் முடியாது. முக்கால் மணி நேரம் பேசினார். நான் பஜ்ஜியை எண்ணிக்கொண்டிருந்தேன். இந்தப் பெண்ணும் போயிற்று என்று முடிவே கட்டிவிட்டேன்.

முடிந்ததும் வசந்தா கேட்டாள். “மாமா, ஒரு சந்தேகம். துணி விக்கறதுக்காகத்தான் மதமே உண்டாச்சு, இல்லியா?”

“சந்தேகமே இல்ல.”

“ரெண்டு வருஷம் முன்னாடி நம்ம நயினாரு வூட்டுக்கு வடக்கேயிருந்து ஒரு முனிவர் நடந்தே வந்தாரு. கையில மயில்பீலி, கமண்டலம், அவ்ளோதான். ஒடம்புல ஒரு முழத் துணி கெடையாது. நாங்கல்லாம் போயி கும்புட்டோம். அவங்களை எந்தக் கமிட்டி அனுப்பிச்சுது? அவங்களால ஒரு துண்டுகூட வித்திருக்காதே?”

“ஆமாம்பா, எங்க திகம்பர முனிவருங்களுக்குத் துணியே கெடையாது” என்றார் நயினார்.

அட்டைக்காரர் பாதி பஜ்ஜியைத் தட்டில் வைத்தார். குடையை எடுத்தார். பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்துவிட்டார்.

அவள் அந்தக் கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. அப்படி இப்படி இல்லை, சோறு இறங்காத அளவுக்குப் பிடித்துவிட்டது. மூன்றாம் நாள் நயினார் தகவலோடு வந்தார். பெண்ணுக்கும் என்னைப் பிடித்திருக்கிறதாம். ஆனால் அவள் அப்பாவுக்கு மனசு சரியில்லை. வந்த பெரியவர் முகம் வாடி எழுந்துபோன சம்பந்தம். அவர் திரும்ப வந்து சிரித்த முகத்தோடு தாம்பூலம் மாற்றினால்தான் மேலே பேச்சு. இல்லாவிட்டால் வேறு இடம் பார்ப்பார்களாம்.

இங்கே சிரித்த முகத்துக்கு எங்கே போவது? அடுத்த வீட்டில் டொக் டொக் சத்தமே நின்றுபோயிருந்தது. முகூர்த்தக் காலம். பார்டருக்கு அட்டை வராமல் தெருவில் மூன்று தறி சும்மா நின்றது. எனக்கே இரண்டு நாள் ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. அட்டைக்காரர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எனக்குச் சீனாவுக்குப் போனவர் ஞாபகம் வந்தது.

“எப்டியாவது அந்த மனுஷனுக்கு ஒரு பதிலைக் கண்டுபுடிச்சுக் குடுடா” என்றாள் அம்மா. ஆளுக்கொரு பதிலோடு போனோம். “அந்தப் பக்கம் போன ஏஜெண்டோட மூட்டையைத் திருடன் அடிச்சுட்டு போயிருப்பான் மாமா” என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினார். “ஒருவேளை சாயம் ஒத்துக்காம ஒடம்பு அரிச்சிருக்குமோ அண்ணா?” என்றாள் அம்மா.

“கற்பனை பண்ணாதம்மா. இது ஆராய்ச்சி” என்றார் எரிச்சலோடு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால் வீடு பூட்டியிருந்தது. முதல் பஸ்ஸில் முசரவாக்கம் போனதாக டீக்கடையில் சொன்னார்கள். அங்கே போய் அந்தப் பெண்ணோடு சண்டை போட்டால் என் கதி என்ன? சைக்கிளை எடுத்து மிதித்தேன். அதற்கு முன்னும் பின்னும் நான் அவ்வளவு வேகமாக மிதித்ததில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது வசந்தா வீட்டு வாசலில் கூட்டமாக இருந்தது. நடுவில் நயினாரின் கையைப் பிடித்தபடி அட்டைக்காரர். நேராக நயினாரிடம் போய் அந்த முனிவர்கள் ஏன் துணி கட்டுவதில்லை என்று கேட்டிருக்கிறார். நயினார் யோசித்து, “ஒவ்வொண்ணா எல்லாத்தையும் வுட்டுக்கினே வந்தா, கடைசியா ஒட்டிக்கினு இருக்கறது துணிதானேபா? அதையும் வேணாம்னு வுட்டுட்டாங்க” என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது அவ்வளவுதான். அட்டைக்காரருக்கு அது போதும்.

“வசந்தா! கண்டுபுடிச்சுட்டேம்மா! அவங்களைக் கமிட்டி அனுப்பலை. கமிட்டியோட சதியை மொதல்ல கண்டுபுடிச்சவங்களே அவங்கதான்! கண்டுபுடிச்ச ஒடனே, போங்கடா நீங்களும் உங்க சரக்கும்னு கட்டியிருந்ததை அவுத்து வீசிட்டு நடந்துட்டாங்க!”

கூட்டம் கைதட்டிச் சிரித்தது. நயினார் கண்ணில் நீர் வரச் சிரித்து, “இருக்கும்பா, இருக்கும்” என்றார். ஆனால் அட்டைக்காரர் சிரிக்கவில்லை. குரல் இறங்கிவிட்டது.

“எத்தினி வருஷமா நான் ஒருத்தன்தான் இதைக் கண்டுபுடிச்சேன்னு நெனச்சுக்கினு இருந்தேம்மா. பேசறதுக்கு ஆளே இல்லாம. எனக்கு முன்னாடியே ஆளு இருந்திருக்குது.”

எனக்குச் சுருக்கென்றது. பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு அத்தனை வருஷம் அந்த மனிதரைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அவர் தனியாக இருக்கிறார் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

வசந்தா விடவில்லை. “அப்போ நீங்க மட்டும் ஏன் மாமா இன்னும் வேட்டி கட்டிக்கினு இருக்கறீங்க?”

அவர் தன் வேட்டியைக் குனிந்து பார்த்தார். “நான் அட்டை குத்தி சாப்புடறவன்மா. கம்பெனியில சம்பளம் வாங்கிக்கினு எதிர்க்கட்சியில சேர முடியுமா?” என்று கேட்டுவிட்டு, அப்போதுதான் வாய்விட்டுச் சிரித்தார். பெண்ணின் அப்பா அந்தச் சிரிப்பு மறைவதற்குள் அவசர அவசரமாக வெற்றிலைத் தட்டைக் கொண்டுவந்து நீட்டினார். தாம்பூலம் மாறியது. நான் கசங்கின சட்டையோடு வியர்த்து வழிந்து நின்றதை வசந்தா கதவோரமாகப் பார்த்துச் சிரித்தாள். இப்போதும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள்.

திரும்பும்போது அட்டைக்காரரைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து மிதித்துக்கொண்டு வந்தேன். ஊர் எல்லை தாண்டியதும் மெதுவாகச் சொன்னார்.

“எல்லாரும் கதையைக் கேட்டா சிரிப்பாங்கபா. அந்தப் பொண்ணு கேள்வி கேட்டுது. என் ஆயுசுல இது மொத தடவை.”

கொஞ்ச தூரம் போனதும், “மாமா, அந்த ஒன்பது பேர்ல கமிட்டிக்குத் தலைவரு யாரு?” என்றேன்.

பின்னாலிருந்து என் முதுகில் ஒரு தட்டு விழுந்தது. “நல்லா கேட்டபா!” என்று ஆரம்பித்தார். பிள்ளையார்பாளையம் வந்தது, எங்கள் தெரு வந்தது, வீடும் வந்தது. அவர் ஐந்தாவது ஆளிடம்தான் வந்திருந்தார். நான் சைக்கிளை நிறுத்தாமல் தெருவை இன்னொரு சுற்று சுற்றினேன்.