கோல் வாசலில் ரயில்

நானும் ஒரு காலத்தில் காற்பந்து ஆடியவள்தான் என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. (மாடிப்படி நாலு ஏறினாலே மூச்சு வாங்குகிறது, அவர்களைக் குறை சொல்ல முடியாது.) ஆனால் ஆடினேன். அதுவும் சென்டர் பார்வர்டாக. முதல் ஆட்டத்திலேயே எந்தப் பார்வர்டும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்து, பக்கத்து ஊர்க் கிள்ளான்காரர்களை வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நாங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அப்பா கிள்ளான் பாதையில் சரக்கு ரயில் டிரைவர். குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்குத் திடல் ஏது? வீட்டுக்குப் பின்னால், சரக்குப் பெட்டிகளைத் தள்ளி நிறுத்தும் தண்டவாளம் ஒன்று இருந்தது. அதுதான் எங்கள் நடுக்கோடு. ரயில் விசில் கேட்டால் ஒரே சட்டம்: பந்துக்குப் பக்கத்தில் இருப்பவர் பந்தைக் கையில் எடுக்க வேண்டும், கண்ணில் படும் சின்னப் பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேலியோரம் ஓட வேண்டும். சட்டம் போட்டது அம்மா. மீறினால் அன்றைக்குச் சோறு கிடையாது. ஏழு வயதிலிருந்து பழகிய கால், என்னைக் கேட்காமலேயே ஓடும்.

எனக்குப் பதினாறு வயதானபோது, பள்ளி டீச்சர் ஒருவர் பெண்களைச் சேர்த்துக் காற்பந்துக் குழு ஒன்று அமைத்தார். கிள்ளானில் ஒரு விளையாட்டு விழாவில், அந்த ஊர்ப் பெண்களோடு ஆட்டம். அம்மாவுக்கு இது துளியும் பிடிக்கவில்லை. வயசுக்கு வந்த பெண் நாலு பேர் பார்க்கப் பந்தை உதைப்பதா என்று மூன்று நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் அப்பா சமாதானம் பேசி ஒரு முடிவுக்குக் கொண்டுவந்தார். ஒரே ஒரு ஆட்டம். அதில் நான் ஒரு கோல் போட்டால் தொடர்ந்து ஆடலாம். போடாவிட்டால் அன்றோடு சரி, அப்புறம் தையல் வகுப்பு. நானே நேரில் வந்து பார்ப்பேன் என்று அம்மா கறாராகச் சொல்லிவிட்டார்.

எனக்குக் காற்பந்து என்றால் உயிர். ஊசியில் நூல் கோக்க அரை நாள் ஆகும்.

கிள்ளான் திடலுக்குப் போனோம். வேலிக்கு அந்தப் பக்கம் ரயில் பாதை. பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு, கோல் காக்கும் இரண்டு கோலிகளைத் தவிர இருபது பெண்களும் பந்து போகும் இடத்துக்கெல்லாம் ஒரே கூட்டமாக ஓடினோம். (இதற்கு டீச்சர் வைத்திருந்த பெயர் 'திட்டம்'.) முடியப் போகும் நேரம் வரை கோல் விழவில்லை. அப்போது பந்து என் காலுக்கு வந்தது. இரண்டு பேரைத் தாண்டினேன். எதிரே கிள்ளான் கோலி மட்டும்தான். ரிப்பன் கட்டிய குட்டிப் பெண். காலை ஓங்கினேன்.

விசில். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு.

பந்தை இடது கையில் அள்ளினேன். வலது கையால் அந்தக் கோலியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேலியை நோக்கி ஓடினேன். பாவம், அவள் அலறினாள்.

"விடுக்கா. எங்கக்கா இழுத்துட்டுப் போற?"

"ரயில் வருது, ஓடு லா."

வேலியைத் தொட்ட பிறகுதான் புத்தி வந்தது. எதிரே சரக்கு ரயில் ஊர்ந்துகொண்டிருந்தது. இஞ்சினிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டி, தொப்பியைச் சுழற்றிக்கொண்டிருந்தவர் என் அப்பா. மகளுக்கு உற்சாகம் கொடுக்க விசில் அடித்திருக்கிறார், மனுஷர்.

நடுவராக நின்ற ரெப்ரி தலையைச் சொறிந்துகொண்டே பந்தை வாங்கிக்கொண்டார். கோல் இல்லாமலேயே ஆட்டம் முடிந்தது. ஊரே சிரித்தது, நான் அழுதேன். இனிமேல் உங்கள் மகளைக் கூப்பிட மாட்டேன் என்று டீச்சர் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனார். அம்மா சிரிக்கவில்லை. என் முகத்தை முந்தானையால் துடைத்துவிட்டார்.

"கோல் போனா போவட்டும் டீச்சர். ஒம்பது வருஷமா விசில் கேக்குறப்பெல்லாம், இவ ஓடுனாளோ இல்லையோன்னு அடுப்படியில நின்னு எனக்கு ஈரக்குலை நடுங்கும். இன்னிக்குத்தான் கண்ணால பார்த்தேன். இவ எங்க வேணும்னாலும் ஆடட்டும்."

மாலையில் அப்பா கரியும் புகையுமாக, வாயெல்லாம் பல்லாக வந்தார். விசில் கேட்டதா என்பதுதான் முதல் கேள்வி.

"நல்லாவே கேட்டுச்சுங்க" என்றார் அம்மா. "கிள்ளான் கோலியையும் இழுத்துக்கிட்டு ஓடி வந்தாளே, பார்க்கலியா?"

அப்பாவின் முகம் மெல்ல விழுந்தது. "அது கூட்டாளியை எனக்குக் காட்டக் கூட்டிட்டு வந்தான்னுல்ல நெனச்சேன்."

அதன் பிறகு நாலு வருஷம் ஆடினேன். கோலும் போட்டேன், அம்மா பார்க்கவே போட்டேன். அந்தத் திடலில் நாங்கள் ஆடும் நாட்களில் அப்பாவின் ரயில் சத்தம் காட்டாமல் போகும். தொப்பி மட்டும் ஆடும்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது பரீட்சைக்கோ இன்டர்வியூவுக்கோ கிளம்பினால், வாசலில் நின்று ஒரே வேண்டுதல்தான். போன வாரம் என் மகளும் சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டினாள்: "தாத்தா விசில் அடிக்காம இருக்கணும்மா."

எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அப்பா போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஒரே ஒரு தடவை அடித்தால்தான் என்ன என்று எனக்கு மட்டும் தோன்றும்.