சீமைக்குப் போகாத தேங்காய்கள்

காதலிக்கிறவன் ஏற்றுமதி வியாபாரத்தில் இறங்கக் கூடாது. இறங்கியே தீருவேன் என்றால், வழியில் பிள்ளையார் கோயில் இல்லாத பாதையாகப் பார்த்துப் போக வேண்டும். இந்த இரண்டு ஞானமும் எனக்கு ஒரே காலைப்பொழுதில் சித்தித்தன.

எங்கள் மலையாளத்துப் பட்டணத்தில் தம்பானூர்வரை ரயில் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். சாலைக் கடைத்தெருவில் என் தாய்மாமன் தேங்காய் மண்டி வைத்திருந்தார். நான் அங்கே காய் தரம் பிரிக்கிறவன். கை வேலை செய்ய, வாய் பிரசங்கம் செய்யும். "நம்ம தேசத்துச் செல்வம் பூரா மண்ணுலதான் மாமா கெடக்கு. மெளகு, இஞ்சி, தேங்கா, எதை அனுப்பினாலும் சீமைல வாங்க ஆள் இருக்கு. முதல் போட ஒருத்தர் துணிஞ்சாப் போதும்!" (அந்த ஒருத்தர் யார் என்று சொல்லவா வேண்டும்?) உண்மையில் எனக்கு வேண்டியது சீமைச் சந்தை அல்ல, மாமா மகள் விசாலம்.

மாமாவுக்கும் அது தெரியும். "எலே, ஒரு ஆர்டர எழுத்துல வாங்கிட்டு வா. முதலும் போடுதேன், மகளையும் தாரேன். இல்லன்னா கொழும்பு மாப்பிள்ளைய முடிச்சிருவேன்" என்றார்.

தம்பானூரில் வந்து தங்கியிருந்த வெள்ளைக்கார ஏஜெண்டு ஒருவர் மாதிரிக்கு இரண்டு டஜன் காய் கேட்டிருந்தார். குவியலில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் காதருகே குலுக்கி, விரலால் சுண்டி, இருபத்தொன்று பொறுக்கினேன். அப்போது விசாலம் எனக்குக் காப்பி கொண்டு வந்தாள். மீதி மூன்றைக் குலுக்கினேனா, சுண்டினேனா, ஒன்றும் நினைவில்லை.

"அத்தான், பழவங்காடி பிள்ளையாருக்கு இருபத்தொண்ணு விடலை நேந்திருக்கேன்" என்றாள், தம்ளரைப் பார்த்துக்கொண்டே. "போற வழியிலயே உடச்சிருங்க. அப்பாட்ட மூச்சு காட்டிராதீங்க, கேட்டோ."

எனக்காக நேர்ந்திருக்கிறாள்! சந்நிதி முன்னால் தேங்காயை ஓங்கி எறிந்து சிதறவிடுவதுதான் விடலை. அவள் சொல்லியிருந்தால் என் தலையையே எறிந்திருப்பேன்.

மறுநாள் காலை ஜட்காவில் சாக்கை ஏற்றிக்கொண்டு பழவங்காடிக்கு வந்தேன். கோயில் வாசலிலேயே தேங்காய்க் கடை உண்டு. மற்றவனாக இருந்தால் அங்கே வாங்கி உடைத்துவிட்டுப் போயிருப்பான். நான் மண்டிக்காரனாயிற்றே! கடைக்காய்களைச் சுண்டிச் சுண்டிப் பார்த்தேன். விசாலத்தின் நேர்ச்சைக்கு ஈடாக ஒன்றுகூடத் தேறவில்லை. சாக்கை அவிழ்த்தேன். முதல் தரம் சாமிக்கு, மிச்சம் மனிதருக்கு, அதுதானே முறை? துரை பார்க்க மூன்று காய் போதாதா என்ன?

ஒவ்வொரு காயும் பளீரென்று சிதறியது. சில்லு பொறுக்க வந்தவர்கள் மென்றுகொண்டே என்னை வாழ்த்தினார்கள். ஜட்காக்காரர் சாக்கைத் தூக்கிப் பார்த்தார்.

"இனி மூணே உள்ளூ சாரே. மதியா?"

"மதி, மதி, அது போதும்" என்றேன். மனமெல்லாம் கல்யாணப் பந்தலில் இருந்தது.

தம்பானூரில் துரையின் குமாஸ்தா முதல் காயை உடைத்தார். துரை நாற்காலியோடு பின்னால் நகர்ந்து மூக்கைப் பொத்திக்கொண்டார். இரண்டாவதில் பேருக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மூன்றாவது முளைவிட ஆரம்பித்து, உள்ளே பஞ்சு போலப் பூ உருண்டிருந்தது. குமாஸ்தா அதைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். "நல்ல ருசி கேட்டோ! ஆனா தம்பி, இது சீமைல சேரும்போ கப்பல்லேருந்து தோப்பே எறங்குமே!"

மீதிக் காய்கள் எங்கே என்று துரை கேட்டார். பிள்ளையாருக்கு விடலை போட்டதை எந்த இங்கிலீஷில் சொல்வது? "டெம்பிள், சார்" என்று கையை ஓங்கி எறிவதுபோலக் காட்டினேன். துரை சட்டென்று எழுந்து அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார்.

"சரக்க துரைக்குக் காட்டச் சொன்னா, சாமிக்குக் காட்டிட்டு வந்து நிக்கியே!" என்று வீட்டில் மாமா குதித்தார். "ஒனக்கு யாருலே இந்தப் புத்திய சொன்னது?"

அடுக்களை வாசலில் விசாலம் நின்றிருந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"எனக்கேதான் தோணிச்சு மாமா" என்றேன். நான் சொன்ன ஒரே உருப்படியான பொய் அது.

சித்திரையில் கொழும்பு மாப்பிள்ளையோடு அவளுக்குக் கல்யாணமாயிற்று. ரயிலேற்றிவிட நானும் போய்ப் பெட்டிகளைத் தூக்கி வைத்தேன். என் கையால் கடல் கடந்து போன சரக்கு அவள் சீர்ப்பெட்டிகள் மட்டும்தான். வண்டி நகரும்போது ஏதோ சொல்ல வாயெடுத்தாள், கூட்டத்தில் கேட்கவில்லை. இத்தனை வயசாகியும், அது என்னவாக இருக்கும் என்று மனசு கிடந்து ஏங்குகிறது.

அந்த நேர்ச்சை யாருடையது என்று இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை. ஆனால் கதை குடும்பத்தில் இன்னும் ஓடுகிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் என் மனைவிதான் எடுத்துவிடுவாள். கடைசியில், "இவுக எப்பவும் அப்படித்தான். நல்லதையெல்லாம் மொதல்லயே ஒரு எடத்துல குடுத்துருவாக. பின்னால வாறவங்களுக்கு மிச்சந்தான்" என்று முடிப்பாள்.

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். தேங்காயைத்தான் சொல்கிறாயா என்று அவளிடம் கேட்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.