சிங்கத்துக்கு வந்த நாய் இருமல்

ஒரு காட்டில் சிங்கராஜாவின் பெயரில் ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. கட்டடத்துக்கு மரம் சுமந்தது யானை, பலகையில் படம் ராஜாவுடையது. டாக்டராக இருந்தவர் ஒரு கொக்கு. வெள்ளைக் கோட்டு வாங்கும் செலவு மிச்சம் என்பதால்தான் அவருக்கு அந்த வேலை கிடைத்தது என்று பொறாமைக்காரர்கள் சொல்வார்கள்.

சுடலை என்ற செந்நாய் தன் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு அங்கே வந்தது.

"ஐயா, பிள்ளைக்கு இருமல் நிக்கவே மாட்டேங்குது. மூச்சு விடவே பாடாப்படுது. எனக்கும் அதேதான், ஆனா நான் தாங்கிக்கிடுவேன்" என்றது.

கொக்கு கிட்டே வராமல் கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தார். "நாய்க்கு இருமல் சகஜம்ப்பா. அந்தக் கிருமி உங்க மூக்குலதான் காலங்காலமா குடித்தனம் பண்ணுது. இதுக்கெல்லாம் மருந்து குடுத்தா மத்தவங்களுக்கு என்ன பண்றது?"

"போன மழைக்கு மூத்தது இதே இருமல்லதான் போச்சு, ஐயா."

"வருத்தமான விஷயம்தான். அடுத்தது யாரு?"

டாக்டருக்குப் பின்னால் அலமாரி நிறைய மருந்து பாட்டில்கள் நின்றன. சுடலை அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றது. ஆனாலும் வேலைக்கு நேரமாகிவிட்டதால், குட்டியை வீட்டில் விட்டுவிட்டு அரண்மனைக் குகைக்கு ஓடியது.

ராஜாவின் காதில் உண்ணி எடுப்பது சுடலையின் வேலை. முகத்தோடு முகம் வைத்துச் செய்ய வேண்டிய வேலை அது. இருமல் வந்தால் அந்தப் பக்கம் திரும்பி இருமும். அன்றைக்குக் குட்டியின் நினைப்பில் திரும்ப மறந்துவிட்டது.

சில நாளில் ராஜா கர்ஜிக்க வாயைத் திறந்தால் 'லொக்' என்று சத்தம் வந்தது. எதிரே நின்ற மான், "உடம்பு சரியில்லையா ராஜா? வெந்நீர் குடிங்க" என்றது. மான் வந்து நலம் விசாரிப்பதைவிட ஒரு சிங்கத்துக்கு வேறென்ன அவமானம் வேண்டும்?

ஆஸ்பத்திரியில் புதிதாக வந்திறங்கிய மிஷினில் ராஜாவின் சளியைப் போட்டார்கள். சிங்கங்களுக்கு வரும் நோய்களை மட்டுமே அந்த மிஷினுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அது பச்சை விளக்கைப் போட்டு, 'நோய் எதுவும் இல்லை' என்றது. அமைச்சர் நரி கைதட்டினார். ராஜா இருமினார்.

கொக்கு பூதக்கண்ணாடியை வைத்துத் தானே பார்த்தார். அமைச்சரை ஓரமாக அழைத்து, "இது நாய்க் கிருமிங்க" என்று கிசுகிசுத்தார்.

"ராஜாவுக்கு நாய் வியாதியா? டாக்டர், உங்க கழுத்து கொஞ்சம் நீளம்தான். அதை எனக்கு எதுக்கு ஞாபகப்படுத்துறீங்க?" என்றார் நரி.

அன்று மாலையே காடெங்கும் தமுக்கு அடித்தார்கள். புதிதாகத் தலையெடுத்திருக்கும் சிம்ம இருமல் என்னும் உயர்ந்த நோய், உலகிலேயே முதன்முதலாக நம் ராஜாவிடம் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது! மருந்து சிங்கங்களுக்கு மட்டுமே தரப்படும்!

"முதன்முதலாவா? அப்ப எங்க வீட்டுல இத்தனை காலமா இருமினது யாரு?" என்று சுடலை கேட்டது. தமுக்கு அதற்குள் அடுத்த புதருக்குப் போய்விட்டது.

ராஜா மருந்து குடித்தார், தேறினார், ஒரு கர்ஜனையும் செய்தார். பிறகு காது அரிக்கிறது என்று சுடலையைக் கூப்பிட்டார். மறுபடியும் லொக்.

"சுடலைக்கும் மருந்து குடுக்காம இது தீராது" என்றார் கொக்கு. வேறு ஆளை வைத்துக்கொள்ளலாமே என்றார் நரி. ராஜா ஒப்பவில்லை. சுடலை மாதிரி வலிக்காமல் உண்ணி எடுக்க அந்தக் காட்டில் யாரும் கிடையாது. மருந்தோ சிங்கங்களுக்கு மட்டும்தான். ராஜா சொன்ன சொல்லை மாற்ற முடியாது என்பதால் நாயை மாற்றினார்கள். இருமல் தீரும்வரை சுடலையும் ஒரு சிங்கம் என்று மறுபடி தமுக்கு அடித்தார்கள். ஆகவே நானும் இனிமேல் மரியாதையாகவே சொல்கிறேன்.

"அப்ப என் பிள்ளையும் சிங்கக்குட்டிதானே?" என்று கேட்டார் சுடலை.

"உத்தரவு உமக்கு மட்டும்தான். குடும்பத்துக்குக் கிடையாது. மருந்தை டாக்டர் கண்ணெதிரே குடிக்கணும்" என்றார் நரி.

சுடலை அப்படியே செய்தார். கொக்கின் கண்ணெதிரே மடமடவென்று குடித்து, நாக்கால் வாயையும் துடைத்துக்கொண்டார். பிறகு எங்கும் நிற்காமல் வீட்டுக்கு ஓடினார்.

செந்நாய்கள் இரையைத் தின்றுவிட்டு வந்து, வயிற்றிலிருந்து கக்கித்தான் குட்டிகளுக்கு ஊட்டும். கொக்கும் தன் குஞ்சுகளுக்கு அப்படித்தான் மீன் ஊட்டுவார். ஆனால் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தபிறகு, நோயாளிக்கும் வீட்டில் பிள்ளை இருக்கும் என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது.

தினமும் கொக்கு ஊற்றினார், சுடலை குடித்தார், குட்டி பிழைத்தது. ஒரு நாள் காலையில் அது எழுந்து, தன் வாலைத் தானே துரத்திச் சுற்றிச் சுற்றி ஓடி, முள்ளில் போய் விழுந்து, மூச்சு வாங்காமல் குரைத்தது. சுடலைக்கு அழுகையே வந்துவிட்டது. அழுகையோடு இருமலும் வந்தது.

அவருடைய இருமல் துளிக்கூடக் குறையவில்லை. ராஜாவுடையதும் குறையவில்லை. பயங்கரமான கிருமி, மருந்துக்கே மசியவில்லை என்று நரி ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தார். கொக்குதான் குழம்பிப்போய், உண்ணி எடுத்துக்கொண்டிருந்த சுடலையிடம் வந்தார்.

"உள்ளதைச் சொல்லுங்க சுடலை. மருந்து வேலை செய்யுதா இல்லையா?"

சுடலை யோசித்தார். பக்கத்துப் புதர் செந்நாய் வீட்டில் இரண்டு குட்டிகள் இருமிக்கொண்டிருந்தன.

"ரொம்ப நல்லா வேலை செய்யுது டாக்டர். நாளையிலிருந்து கொஞ்சம் கூடுதலா ஊத்துங்க" என்றார். பிறகு ராஜாவின் முகத்துக்கு நேரே திரும்பி, நெஞ்சு நிறைய ஒருமுறை இருமிவிட்டு, அடுத்த உண்ணியைத் தேட ஆரம்பித்தார்.

நீதி: இருமும்போது வாயைப் பொத்த வேண்டாம். யார் முகத்துக்கு நேரே இருமுகிறோம் என்பதில் மட்டும் கவனமாக இருந்தால் போதும்.