தீவுக்குப் போன தகர வீடு

வெல்டிங் அண்ணனோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, கோபப்படாமல் எழுந்து வந்த மனிதன் மதுரையிலேயே கிடையாது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். கொதித்தே தீரட்டும்.

கோரிப்பாளையத்தில் தர்காவுக்குப் பின்னால் ஒரு காம்பவுண்டு. வரிசையாகக் குடித்தனங்கள், எல்லாருக்கும் சேர்த்து ஒரே குழாய். அண்ணனும் தனம் அக்காவும் எங்களுக்குப் பக்கத்துப் போர்ஷன். லாரிக்கும் பஸ்ஸுக்கும் பாடி கட்டும் பட்டறையில் அவருக்கு வெல்டிங் வேலை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பக்கூட மாட்டார். பட்டறையில் பற்றவைத்தது போதாதென்று வீட்டுக்கு வந்தும் யாரிடமாவது சண்டையைப் பற்றவைத்துக்கொண்டே இருப்பார்.

எங்கள் வீட்டுக்காரம்மாவுக்கு ஒரே சட்டம்தான்: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. அந்தச் சுவர் ஆணிக்கெல்லாம் காத்திருக்கவில்லை, நாங்கள் தும்மினாலே காரை உதிர்ந்தது. ஆனாலும் சட்டம் சட்டம். அதனால் அண்ணனும் அக்காவும் மாலையோடு நிற்கும் கல்யாண போட்டோ, கண்ணாடிச் சட்டத்தோடு அரிசி டிரம்முக்குப் பின்னால் கிடந்தது. அதற்கு முன் குடியிருந்த வீடுகளிலும் அதற்கு அதே இடம்தான்.

"சாகுறதுக்குள்ள ஒரு செவத்துல மாட்டிப் பாத்துரணும்" என்று தனம் அக்கா குழாயடியில் சிரித்துக்கொண்டே சொல்வார். ஆனால் அதைச் சொல்லாத வாரம் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ஆணியை எடுத்து அடித்தே விட்டார். முழுக்க இறங்கக்கூட இல்லை, வீட்டுக்காரம்மா குறடோடு வந்து நின்றார்.

"யாரக் கேட்டு அடிச்ச?"

"எம் பொண்டாட்டியக் கேட்டு அடிச்சேன்."

"செவுரு என்ன, ஒம் பொண்டாட்டி கொண்டாந்த சீதனமா?"

பிடுங்கிய ஆணியைக் கையோடு எடுத்துப் போய்விட்டார். "ஆணி என்னோடது!" என்று அண்ணன் ஒரு வாரம் கத்தினார். அந்தம்மாவிடம் அல்ல, என்னிடம். பக்கத்துப் போர்ஷனில் இருந்ததுதான் நான் செய்த குற்றம்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஓட லாயக்கில்லை என்று கண்டம் செய்யப்பட்ட வேன் ஒன்றை அண்ணன் இழுத்து வந்து காம்பவுண்டு வாசலில் நிறுத்தி, அதன்மேல் வீடு கட்டத் தொடங்கினார். பாம்பனுக்குச் சாலைப் பாலம் திறந்த புதிது. அதுவரை ராமேஸ்வரம் தீவுக்கு ரயிலில்தான் போக வேண்டும். இனி வண்டியை ஓட்டிக்கொண்டே போகலாம் என்பது அவர் மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"தீவுல எவன் மாப்ள ஓனரு? சுத்திக் கடலு. கடல் வந்து ஆணி அடிக்காதன்னு சொல்லுமா? வண்டிய ஓட்டிட்டுப் போறேன், கரையில நிப்பாட்டுறேன், போட்டோவ மாட்டுறேன்!"

மடக்குக் கட்டில், சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி, சாமி மாடம், துளசிச் செடி எல்லாம் வந்தன. போட்டோவுக்கென்று ஒரு கொக்கியும் பற்றவைத்தார். யானையைத் தொங்கவிடலாம் அதில். ஆனால் மதுரையில் மாட்டக் கூடாதாம். "ஓனர் காத்து படுற எடத்துல எங்க கல்யாணம் தொங்காது" என்றுவிட்டார். அந்த வண்டி முடியும் வரை நாங்கள் எங்கள் வாசலிலேயே நண்டு மாதிரி பக்கவாட்டில் நுழைந்தோம்.

அடுத்து கிரகப்பிரவேசம். வேனுக்கு! சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், உள்ளே பால் காய்ப்பு. பசு முதலில் நுழைய வேண்டும் என்று பால்காரர் மாட்டைப் பலகை போட்டு ஏற்றினார். ஏறிய மாடு இறங்க மறுத்தது. வண்டியை லேசாக அசைத்தால் இறங்கிவிடும் என்று அண்ணன் கிளப்பினார். பிரேக் பிடிக்கவில்லை. ஜங்ஷன் வரைக்கும் போய்த்தான் நின்றது. ஜன்னலில் மாடு தலையை நீட்டி வேடிக்கை பார்க்க, பின்னாலேயே பால்காரர், "யோவ், எம் மாடுய்யா!" என்று ஓடினார்.

இப்படிப்பட்டவரோடு நான் ஏன் தீவுக்குப் போனேன்? என் மனைவி என்னைக் கேட்காமலே புளியோதரை கட்டிவிட்டாள்.

வீடென்றால் வாசல் கிழக்கே பார்க்க வேண்டும் என்பது அண்ணனின் சட்டம். வண்டிக்குக் கதவு இடப்பக்கம். வண்டி தெற்கே பார்த்து நின்றால்தான் வாசல் கிழக்கு. ரோடோ கிழக்கே போகிறது. ஆகவே டீ குடிக்க நிறுத்தினாலும் ரோட்டுக்குக் குறுக்கேதான் நிறுத்துவார். மானாமதுரையிலும் பரமக்குடியிலும் பஸ் டிரைவர்கள் இறங்கி வந்து எங்கள் வம்சத்தையே விசாரித்தார்கள். தனம் அக்கா எதையும் காதில் வாங்காமல் படிக்குக் கீழே சின்னதாகக் கோலம் போடுவார். தகரத்துக்குள் நாங்கள் இட்லியாக வெந்தோம்.

பாலம் தாண்டி, கடலோரம் ஒரு தென்னந்தோப்பு. அங்கேயும் வாசலைக் கிழக்கே திருப்புகிறேன் என்று முன்னும் பின்னும் ஓட்டி, ஒரு பக்கச் சக்கரங்களை மணலில் புதைத்தார். பிறகு தார்ப்பாய் கட்ட ஒரு தென்னையில் ஆணியை வைத்துச் சுத்தியலை ஓங்கினார். கைலி கட்டிய பெரியவர் ஒருவர் தோப்புக்குள்ளிருந்து வந்தார்.

"தாராளமாத் தங்குங்க தம்பி, நம்ம தோப்புதான். மரத்துல மட்டும் ஆணி அடிச்சிராதீங்க."

அண்ணன் சுத்தியலைக் கடலில் வீசினார். "இங்கயும் வந்துட்டாய்ங்களா! எடுறா வண்டிய! அடுத்த தீவுக்குப் போவோம்!"

"சக்கரம் பொதைஞ்சு கெடக்கு, எங்கிட்டுப் போறது?" என்று நானும் என் பங்குக்குக் கத்தினேன். மூன்றாவதாக ஒரு குரல் எங்கள் இரண்டு பேரையும் அடக்கியது. தனம் அக்கா அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

"நிப்பாட்டுங்க! ஓனரத் திட்டித் திட்டியே எம் போட்டோவ டிரம்முக்குப் பின்னாடி போட்டுட்டீங்க. எடம் அவுகளது, மரம் அவுகளது. தகரம் எங்களது. நான் மாட்டப் போறேன்!"

வண்டிக்குள் ஏறிப் போய் அந்தக் கொக்கியில் மாட்டினார். போட்டோவிலும் அண்ணன் முறைத்துக்கொண்டுதான் இருந்தார். அக்கா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார், தள்ளி நின்று பார்த்தார், கண்ணீர் வந்துவிட்டது.

"சாஞ்சிருக்குங்க."

"வண்டிதாம்மா சாஞ்சிருக்கு. போட்டோ நேராத்தான் இருக்கு" என்றார் அண்ணன். அவர் கத்தாமல் பேசி நான் கேட்ட முதல் பேச்சு அது.

மறுநாள் அந்தப் பெரியவரே ஆட்களோடு வந்து வண்டியைத் தள்ளிவிட்டார். தள்ளத் தெரியவில்லை என்று அண்ணன் அவரையும் திட்டினார்.

பிற்பாடு நான் ஆனையூரில் வீடு கட்டி மாடியை வாடகைக்கு விட்டேன். குடிவந்த புது மாப்பிள்ளை தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "சார், கல்யாண போட்டோ மாட்டணும்... ஒரே ஒரு ஆணி..."

புதுப் பூச்சு. முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தவன், உள்ளே போய்ச் சுத்தியலை எடுத்து வந்து கொடுத்தேன். மாடியில் ஒவ்வொரு அடி விழும்போதும், பக்கத்துப் போர்ஷனுக்கு வெல்டிங் அண்ணன் திரும்பி வந்துவிட்ட மாதிரி இருந்தது.