எஞ்சினுக்கு வைத்த பொட்டு

புத்தகம் படித்துக் கார் ஓட்டக் கற்றவனை நம்பி யாரும் கல்யாணப் பெண்ணை ஏற்றி அனுப்பக் கூடாது. அவனே பெண்ணுக்குத் தகப்பனாகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். நான் இரண்டுமாக இருந்தேன்.

யுத்த காலம். பெட்ரோல் கூப்பனுக்குத்தான் கிடைக்கும். கல்யாணம் மாப்பிள்ளை ஊரான நல்லம்பள்ளியில். சம்பந்தி கூண்டு மாட்டுவண்டி அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். "நம்ம கார் எதுக்குங்க இருக்குது?" என்று நான்தான் மறுத்தேன். (அந்தக் கார் எதற்கு இருந்தது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.)

எங்கள் ஊர் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து அதியமான்கோட்டை வரை ஒரு குறையும் இல்லை. சம்பந்தி வீட்டு வாசலில் போய் நிற்கும் முன் வண்டிக்கு ஒரு பூஜை போட்டுவிடலாம் என்று கோயில் ஓரமாக நிறுத்தினேன். தேங்காய் உடைத்தோம், சூடம் காட்டினோம். சக்கரம், விளக்கு, ஹாரன் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தேன். பிறகு கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டோம்.

கிளம்பும்போது என் மச்சினன் முன்னால் போய் எஞ்சினைக் கிளப்பும் கைப்பிடியைச் சுற்றினான். வண்டி அசையவில்லை. இருபது முறை சுற்றினான்.

"மாமா, தோள்பட்ட கழண்டுருச்சுங்க. இது தும்மக்கூட மாட்டேங்குது."

பத்தரைக்குள் தாலி ஏற வேண்டும். அதை விட்டால் ஆடி கழிந்துதான் அடுத்த முகூர்த்தம். மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. நல்லம்பள்ளிக்கு நடந்தால் ஒரு மணி நேரம்.

"நடந்துரலாமுங்க" என்றாள் மனைவி.

"தேங்கா ஒடச்ச வண்டியிலிருந்து பொண்ண எறக்குனா அபசகுனம்" என்றேன். சட்டைப் பையிலிருந்து மோட்டார் புத்தகத்தை எடுத்தேன்.

பெட்ரோல் வருகிறதா? வந்தது. பேட்டரி? ஹாரனை அழுத்தினேன், கோயில் மரத்துக் காக்கை அத்தனையும் கிளம்பியது. ஒரு பிளக்கைக் கழற்றி, ஒயரோடு எஞ்சின் மேல் கிடத்தி, மறுபடி சுற்றச் சொன்னேன். பிளக்கு நுனியில் நீலப் பொறி பறக்க வேண்டும். நான் முகத்தை அதன்மேல் வைத்துப் பார்த்தும் ஒன்றும் பறக்கவில்லை. நான்கு பிளக்கையும் புதுவேட்டி முந்தியால் துடைத்தேன். ஒயர்களைப் பிடுங்கிச் செருகினேன். கை மட்டும் முழங்கை வரை கறுத்தது.

"ஏனுங்க, அவங்க வண்டி அனுப்பறேன்னாங்களே…"

"அதப் பேசற நேரமா இது?"

"முகூர்த்தம் தாண்டட்டுங்க. அப்பறம் பேச எனக்கு ஆயுசு பூரா நேரம் இருக்குது."

புத்தகத்தின் அடுத்த வரி, பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் கறுப்பு மூடியைத் திறந்து பார்க்கச் சொன்னது. அதைத் தாண்டி அதற்கடுத்த வரிக்குப் போனேன். காரணம், அந்த மூடியை ஒரு மணி நேரம் முன்புதான் நானே திறந்து மூடியிருந்தேன்.

பின் இருக்கையில் நகையும் மாலையுமாக உட்கார்ந்திருந்த மகள் தலையை நீட்டினாள்.

"அப்பா, அந்தக் கறுப்பு மூடிக்குள்ளயுமா சந்தனம் வெச்சீங்க?"

வைத்திருந்தேன். காருக்கு இதயம் அதுதான் என்று அதே புத்தகத்தில் படித்திருந்தேன். சக்கரத்துக்கு வைத்துவிட்டு இதயத்தை விடுவது மரியாதையாகப் படவில்லை. உள்ளே இரண்டு சிறு உலோகப் பொட்டுகள், தொட்டுத் தொட்டு விலகினால்தான் பொறி பிறக்கும். அந்த இரண்டுக்கும் நடுவில், அளவெடுத்தாற்போல் அப்பியிருந்தேன். நாங்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் அது நன்றாகக் காய்ந்திருந்தது.

மச்சினன் தோளைத் தடவிக்கொண்டான்.

சூடம் ஏற்றிய தீப்பெட்டியின் உரசும் பக்கத்தைக் கிழித்து, பொட்டுகளுக்கு நடுவே விட்டுத் தேய்த்தேன். அடுத்த சுற்றில் எஞ்சின் கிளம்பியது. பத்தேகாலுக்கு நல்லம்பள்ளி சேர்ந்தோம். கை கழுவ யாரும் என்னை விடவில்லை. தாரை வார்த்தபோது மாப்பிள்ளையின் மணிக்கட்டில் என் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்தன. இன்றும் அவர் மணிக்கட்டை நீட்டிக் காட்டி, "மாமா வெச்ச பொட்டுங்க" என்பார்.

அடுத்த மாதம் இளையவளுக்குக் கல்யாணம். மூத்தவள் கல்யாணத்திலிருந்து சட்டைப் பையில் தீப்பெட்டி இல்லாமல் நான் வெளியே போவதில்லை. அதைக் கவனித்துவிட்ட புதுச் சம்பந்தியம்மா, "சம்பந்தி பீடி குடிப்பாருங்களா?" என்று என் மனைவியிடம் மெதுவாக விசாரித்திருக்கிறார்.

"அதெல்லாம் இல்லீங்க" என்றாளாம் அவள். "அது சந்தனத்துக்கு."