ஆய்வுக்குத் தயாரான இரு கைகள்

மனித குலம் இதுவரை கண்டுபிடித்த கலைகளிலேயே உயர்ந்தது, இன்ஸ்பெக்‌ஷனுக்குத் தயாராகும் கலை. பாட்டுக்கும் நாட்டியத்துக்கும் பட்டம் கொடுக்கிறார்கள், சால்வை போர்த்துகிறார்கள். இந்தக் கலைக்கு மட்டும் ஒரு துண்டுகூடக் கிடையாது. என்றைக்காவது கொடுப்பதாக இருந்தால், அதை வாங்கிக்கொள்ள நான் சிவகாசியில்தான் இருப்பேன். பெயர் ராஜபாண்டியன், தொழில் பட்டாசு.

இருபத்திரண்டு ஆண்டுகளில் எங்கள் கம்பெனிக்குப் பதினாறு தடவை அதிகாரிகள் வந்திருக்கிறார்கள். பதினாறு தடவையும் 'குறைகள் ஏதும் காணப்படவில்லை' என்று எழுதிவிட்டுத்தான் ஜீப்பில் ஏறினார்கள். குறைகள் இல்லை என்று நான் சொல்லவில்லை. காணப்படவில்லை. அதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் தெரியுமா? வாளிகளில் புது மணல் நிரப்ப வேண்டும். முதலுதவிப் பெட்டிக்குள் இருக்கும் வெற்றிலை பாக்கை எடுத்துவிட்டுப் பஞ்சு வைக்க வேண்டும். சுவருக்கு முதல் நாள் சுண்ணாம்பு அடித்தால் ஈரம் காட்டிக்கொடுத்துவிடும், மூன்று நாள் முன்னதாகவே அடித்துவிட வேண்டும். இந்த நுணுக்கங்களையெல்லாம் எனக்கும் என் மேனேஜர் செந்தூர்பாண்டிக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. பிறவியிலேயே வந்தது.

இந்தக் கலைக்கு உண்மையான சோதனை போன மாதம் என் வீட்டிலேயே வந்தது.

என் மனைவி சொர்ணலட்சுமிக்கு முடக்குவாதம். கை மூட்டெல்லாம் வீங்கிக்கொள்ளும். காலையில் எழுந்தால் பத்து மணி வரைக்கும் விரல்கள் மடங்காது, மடங்கினால் நிமிராது. இரண்டு வருடமாக மதுரை டாக்டர் ஒருவரிடம் மருந்து சாப்பிடுகிறாள். அவர் இந்தத் தடவை ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். விருதுநகரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிசியோதெரபிஸ்ட்டையும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டையும் பார்க்க வேண்டுமாம். முதல் ஆள் மூட்டுக்குப் பயிற்சி கொடுப்பவர். இரண்டாவது ஆள், வலிக்கிற கையை வைத்துக்கொண்டே அன்றாட வேலைகளை எப்படிச் செய்வது என்று வழி சொல்பவர்.

சொர்ணலட்சுமிக்கு அவர்களிடம் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். பாத்ரூம் தாழ்ப்பாளைத் தானே திறக்க வேண்டும்.

போன தீபாவளி சீசனில் ஒரு நாள் காலையில் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டவளால் அதைத் திறக்க முடியவில்லை. நான் லோடு ஏற்றப் போயிருந்தேன். வெல்டிங் கடை ஆள் வந்து கதவை அறுத்துத் திறக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. நான் சும்மா இருப்பேனா? மூன்று தாழ்ப்பாள் மாற்றினேன். ஒன்றைவிட ஒன்று உயர்ந்த ரகம், ஒன்றைவிட ஒன்று கனம். கடைசியாகப் போட்ட பித்தளைத் தாழ்ப்பாளை என்னாலேயே திறக்க முடியாது. அன்றிலிருந்து அவள் கதவை வெறுமனே சாத்திவிட்டுக் குளிக்கிறாள். எங்கள் மகள் ஆர்த்தி வெளியே நாற்காலி போட்டுக் காவல் இருக்கிறாள். அந்த ஆர்த்திக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருந்தது. பதினைந்து நாளில் கிளம்ப வேண்டும். "அப்புறம் காவலுக்கு நீங்க ஒக்காருவீகளா?" என்று சொர்ணலட்சுமி என்னைக் கேட்டாள். நான் ஆர்டர் விஷயமாக அவசரமாக ஒரு போன் பேச வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, வியாழக்கிழமை காலை எட்டரைக்கு வரச் சொன்னது. வருவதற்கு முன் என்னென்ன செய்ய வேண்டும் என்றும் அதுவே சொன்னது. சாப்பிடுகிற மருந்துகளை எழுதிக்கொள்ள வேண்டும். தளர்வான உடை போட்டுக்கொள்ள வேண்டும். வழக்கமாகப் போடுகிற செருப்பிலேயே வர வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, எந்தெந்த வேலையைச் செய்ய முடியவில்லை என்று ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு வர வேண்டும்.

நான் அப்படியே திகைத்துப்போனேன். குறைகளை நாமே எழுதி, நாமே கொண்டுபோய், அதிகாரி கையில் கொடுப்பதா? இப்படி ஓர் அநியாயத்தைத் தொழில் வட்டாரத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை. உடனே செந்தூர்பாண்டியை வீட்டுக்கு வரச்சொல்லி 'முன்னேற்பாட்டுக் குழு' ஒன்றை அமைத்தேன். தலைவர் நான், செயலாளர் அவர். சொர்ணலட்சுமியை 'ஆய்வுக்குரிய பொருள்' என்ற முறையில் சிறப்பு அழைப்பாளராகச் சேர்த்துக்கொண்டோம்.

குழுவின் முதல் தீர்மானம், நேரத்தைப் பற்றியது. காலை எட்டரைக்கு அவள் கை இருக்கும் லட்சணத்தை வெளியாள் பார்க்கலாமா? சாயங்காலம் நான்கு மணிக்குத்தான் விரல்கள் ஓரளவு சொன்னபடி கேட்கும். செந்தூர்பாண்டி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, வீட்டில் விசேஷம் என்று சொல்லி நேரத்தை நாலு மணிக்கு மாற்றினார். இரண்டாவது தீர்மானப்படி, மூன்று நாளைக்கு அவள் எந்த வேலையும் செய்யக் கூடாது, காலையும் மாலையும் எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஒத்தடம். மூன்றாவது தீர்மானப்படி ஆர்த்தி அம்மாவின் விரல்களுக்கு மருதாணி வைத்தாள். வீங்கிய மூட்டின் சிவப்பு மருதாணிச் சிவப்போடு கலந்து மறைந்தே போயிற்று. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துப் பழகிய எங்களுக்கு மருதாணி ஒரு பிரமாதமா? பழைய செருப்பு ஒரு பக்கமாகத் தேய்ந்து கிடந்ததால் அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுச் செருப்பு வாங்கினேன். பட்டுச்சேலையும் எடுத்து வைத்தாயிற்று.

பட்டியல் விஷயத்தில் மட்டும் குழு இரண்டு மணி நேரம் விவாதித்தது. கடைசியில், செய்ய முடியாதவற்றுக்குப் பதிலாகச் செய்ய முடிந்தவற்றை எழுதுவது என்று ஏகமனதாக முடிவாயிற்று. மொத்தம் நாற்பத்திரண்டு. கண் சிமிட்டுவது, சாமி கும்பிடுவது, டி.வி. பார்ப்பது எல்லாம் அதில் அடக்கம். என் மச்சினன் வெள்ளைத்துரையின் ஆப்செட் பிரஸ்ஸில் நாலு கலரில் ஆர்ட் பேப்பரில் அடித்து லேமினேஷன் போட்டோம். ஓரத்தில் சின்னதாக ஒரு பிள்ளையார்.

புதன்கிழமை ஒத்திகை நடந்தது. செந்தூர்பாண்டி தெரபிஸ்ட்டாக நாற்காலியில் உட்கார்ந்தார். கம்பெனி ரிஜிஸ்டரை விரித்துவைத்துக்கொண்டு, கஷ்டம் ஏதாவது உண்டா என்று கேட்டார்.

"பாத்ரூம் தாழ்ப்பாள் தெறக்க முடியல" என்றாள் சொர்ணலட்சுமி.

ஒத்திகையை நிறுத்தினேன். இதைச் சொல்லவே கூடாது என்றேன்.

"அதச் சொல்லத்தானேங்க போறோம்?"

"தாழ்ப்பாள்னு ஆரம்பிச்சா கதவும்பாக, கதவுன்னா அப்புறம் வீட்டையே பாக்கணும்பாக. அதிகாரிக்கு ஒரு நூல் கெடச்சா போதும்."

"அவுக அதிகாரி இல்லீங்க. வைத்தியம் பாக்குற பிள்ளைக."

"எல்லாரும் ஒண்ணுதான். என்ன கேட்டாலும் நல்லா இருக்கேன்னு சொல்லு."

"சரிங்க. நல்லா இருக்கேன்" என்றாள். அற்புதமான உச்சரிப்பு. செந்தூர்பாண்டி ரிஜிஸ்டரில் 'திருப்தி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வியாழன் மூன்று மணிக்கு, வழக்கமான வலி மாத்திரையோடு கூட ஒன்று கொடுத்தேன். சீட்டில் இல்லாத மாத்திரைதான். அதிகாரி வரும் நாளில் ஜெனரேட்டருக்குக் கூடுதல் டீசல் ஊற்றுவதில்லையா?

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டின் பெயர் கற்பகவல்லி, முப்பது வயது இருக்கும். ஆர்த்தியையும் சேர்த்து நாங்கள் நாலு பேர் ஃபைலோடு நுழைந்ததைப் பார்த்து, இன்னும் இரண்டு நாற்காலி கேட்டு வாங்கினார். கை வலுவை அளக்க ஒரு கருவியைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். மூன்று நாள் ஓய்வும், எண்ணெயும், இரண்டு மாத்திரையும் சேர்ந்து அழுத்தின. முள் மளமளவென்று ஏறியது. செந்தூர்பாண்டி கை தட்டிவிட்டார். என்ன கஷ்டம் என்று கேட்டதற்கு, சொர்ணலட்சுமி ஒத்திகையில் சொன்னதைத் துளியும் பிசகாமல் சொன்னாள். கற்பகவல்லி லேமினேஷன் பட்டியலைப் படித்துவிட்டு, பிடிமானம் பரவாயில்லை, இப்போதைக்கு உபகரணம் எதுவும் தேவைப்படாது, ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்று எழுத ஆரம்பித்தார்.

பதினேழாவது வெற்றி. பெருமையோடு சொர்ணலட்சுமியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனந்தக் கண்ணீர் என்றுதான் முதலில் குறித்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துப் பிசியோதெரபிஸ்ட் உள்ளே வந்தார். முனியராஜ் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. மருதாணியைப் பார்த்தார், புதுச் செருப்பைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பட்டியலின் ஓரத்தில் சிவகாசி அச்சுப் பிள்ளையாரைப் பார்த்ததும் அவருக்கு ஏதோ பிடிபட்டுவிட்டது. எந்தக் கம்பெனி என்று என்னைக் கேட்டார். சொன்னேன்.

"எங்க அம்மா சின்னத்தாய் ஒங்க கம்பெனிலதான் இருந்தாக, அண்ணாச்சி. பட்டாசுக்கு மருந்து அடைக்கிற ரூம்ல. இன்ஸ்பெக்‌ஷன் அன்னைக்கு மட்டும் சட்டப்படி ரூமுக்கு நாலு பேர ஒக்கார வச்சிட்டு, மிச்ச ஆளுகள வேன்ல ஏத்தி இருக்கன்குடி கோயிலுக்கு அனுப்பிருவீக."

பக்தியை வளர்த்த கம்பெனி என்று அடக்கத்தோடு ஒப்புக்கொண்டேன்.

"அங்க போயி எங்க அம்மா, அடுத்த மாசமும் இன்ஸ்பெக்டர் வரணும்னு மாரியம்மன்கிட்ட வேண்டிக்குவாக. அன்னைக்கு ஒரு நாள்தான் நல்ல காத்து" என்றார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டுச் சொர்ணலட்சுமிக்கு முன்னால் உட்கார்ந்தார். "சொல்லுங்கம்மா. இன்னைக்கு வேன்ல ஏத்தி அனுப்புனது எதெல்லாம்?"

நான் வாயைத் திறந்தேன். "அண்ணாச்சி, நீங்க பேசக் கூடாது" என்றார். என் சொந்த வட்டாரத்தில் என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. செந்தூர்பாண்டி ஃபைலை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

சொர்ணலட்சுமி ஒவ்வொன்றாகச் சொன்னாள். முதலில் தாழ்ப்பாள். அப்புறம் ஜாக்கெட் ஊக்கு, ஊறுகாய் பாட்டில் மூடி, தோசைத் திருப்பி, குக்கர் கைப்பிடி, சாவி, சீப்பு. சாதத்தைப் பிசைய முடியாமல் கரண்டியால் கிளறிச் சாப்பிடுவது. விசேஷ வீட்டுப் பந்தியில் உட்காராமல் வயிறு சரியில்லை என்று சொல்லித் தப்பிப்பது. சொல்லச் சொல்ல அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. முக்கால் மணி நேரம் பாத்ரூமில் மாட்டிக்கொண்டதை நடித்தே காட்டினாள். வெல்டிங் ஆள் கதவை அறுக்கும்போது கண்ணை மூடிக்கொள்வதாகச் சத்தியம் பண்ணியதைச் சொன்னபோது அறையே சிரித்தது. நானும் சிரித்தேன், எனக்கு இதெல்லாம் புதுச் செய்தி. கற்பகவல்லி முன்னால் எழுதிய தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாளில் எழுதினார், அதுவும் போதாமல் பின்பக்கமும் எழுதினார். நான் கொடுத்த கூடுதல் மாத்திரையைப் பற்றி முனியராஜ் சொன்னதை இங்கே அச்சில் ஏற்ற முடியாது.

எத்தனை வருடமாக இப்படி என்று கற்பகவல்லி கேட்டார். ஃபைலில் இருந்தபடி நான் இரண்டு என்றேன். சொர்ணலட்சுமி, "அஞ்சு" என்றாள்.

"அஞ்சா? தினமும் காலைல ஒடம்புக்கு எப்படியிருக்குன்னு கேக்குறவன் நான். எங்கிட்ட சொல்லவேயில்லையே?"

"கேப்பீக. நல்லா இருக்கேன்னு சொல்லுவேன். நீங்களும் சரின்னுட்டு கெளம்பிருவீக. வேற எதாச்சும் சொன்னா அன்னைக்குப் பூராவும் மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பீகல்ல."

கற்பகவல்லி அவள் வலது கையைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்த இரண்டு விரல்களைத் தடவிப் பார்த்தார். "மொதல்லயே வந்திருந்தா இது சாயாமப் பாத்திருக்கலாம்மா. இனிமே மேல சாயாம வச்சுக்கலாம். சாய்ஞ்சத நிமித்த முடியாது" என்றார்.

அடுத்த வாரம் காலை ஏழரைக்குத் திரும்பவும் வரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்த மருந்து மட்டும், கையில் எது வலிக்கிறதோ அது வலித்தபடியே. 'முன்னேற்பாட்டுக் குழு' அதற்குள் கலைக்கப்பட்டிருந்தது. இப்போது அவள் கைக்கு ராத்திரியில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை இருக்கிறது, காலையில் வெந்நீரில் செய்யும் பயிற்சி இருக்கிறது. பித்தளையைக் கழற்றிப் போட்டுவிட்டு, விரலே இல்லாமல் உள்ளங்கையால் தள்ளினால் திறக்கும் நீளக் கைப்பிடி ஒன்றைக் கதவில் போட்டாயிற்று. ஆர்த்தி ஊருக்குக் கிளம்பிய மறுநாள், சொர்ணலட்சுமி உள்ளே போய் ஒரு மணி நேரமாக வெளியே வரவில்லை. பதறிப்போய்க் கதவைத் தட்டினேன். "சும்மாதான் இருக்கேங்க, போயி வேலையப் பாருங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அதிகாரிகளை நான் குறை சொல்ல மாட்டேன். எப்போதாவது ஒரு தடவை வந்து, அரை மணி நேரம் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு என்ன தெரியும்? நான் அப்படியில்லை. அந்த ஐந்து வருடமும் தினம் காலையில் சொர்ணலட்சுமி கையிலிருந்துதான் காபி வாங்கிக் குடித்தேன். டம்ளரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வருவாள். எங்கள் வீட்டு வழக்கமே அப்படித்தான் என்று வெள்ளைத்துரையிடம் பெருமையடித்திருக்கிறேன். மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.